எந்தக் காரம்?

'காரம் கொடுங்கள்' என்று கேட்டால், எந்தக் காரம் என்று கேட்காமல் பொட்டலம் கட்டக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நம் கடைப் பையன் அப்பளக்காரத்துக்குப் பதிலாக வெங்காரத்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டான். அப்பளம் இடும் அம்மாள் மாவு பிசையும் முன் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்ததால் தப்பித்தோம்.

வெண்மையான காரம் என்பதால் வெங்காரம். வடமொழியில் டங்கணம், ஆங்கிலத்தில் போராக்ஸ். அந்தப் பெயர் பாரசீகத்தில் தோன்றி அரபு வழியாக ஐரோப்பா சென்றது. அக்காலத்தில் திபெத்து ஏரிகளிலிருந்து இமயம் தாண்டி வந்த சரக்கு இது. பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்க வாங்குவார்கள்; சித்த வைத்தியர்கள் பொரித்துச் சுத்தி செய்து மருந்தில் சேர்ப்பார்கள்.

உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதியில்லை. தனி டப்பா, தனித் தராசுத் தட்டு, பெயர் எழுதிய சீட்டு, இம்மூன்றும் இருந்தால் வியாபாரிக்கும் நிம்மதி, வாடிக்கையாளருக்கும் நிம்மதி.