அம்மா வாங்காத கடன்

இறுதி யுத்தத்தில் இடம்பெயர்ந்த நாள் முதல் அம்மா அடையாள அட்டைப் பிரதிகளைக் கட்டாக வைத்திருக்கிறார். நிவாரணம், வீட்டுத்திட்டம், காணாமல் ஆக்கப்பட்ட அண்ணாவின் பதிவு எனக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கடந்த வருடம், அவர் வாங்காத நுண்கடனுக்குத் தவணை கேட்டு ஒருவர் வாசலில் நின்றார்.

நாங்கள் காசு கட்டவில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற்றோம். ஒப்பந்தத்தைக் காட்டும்படி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டோம். கையெழுத்து அம்மாவுடையதல்ல. கொடுகடன் தகவல் பணியகத்தில் அவரது அறிக்கையை எடுத்து, வேறு கடன் பதிவாகியுள்ளதா எனவும் பார்த்தோம்.

இப்போது பிரதியின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எத்திகதி என்று எழுதியே கொடுக்கிறோம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்வதில்லை. இணைய மோசடியென்றால் இலங்கை சேர்ட் அமைப்பை 101 இல் அழைக்கலாம்.

"எழுதினால் உதவியை நிறுத்திவிடுவாங்களோ?" என்று அம்மா பயந்தார். இதுவரை ஒருவரும் வாங்க மறுக்கவில்லை.