விடுமுறைக்கு எந்தத் தீவு?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்திலேயே வாழும் நம் குடும்பங்களுக்குக் கடல் என்பது பிழைப்பு. இளைப்பாறும் இடம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர், தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. இன்று திருவொற்றியூர்ப் பக்கம் பல இடங்களில் தெருவுக்கும் அலைக்கும் இடையே கருங்கற்களே குவிந்து கிடக்கின்றன. கடலருகே பிறந்தும் குழந்தைகள் கால் நனைக்க மணல் தேடி அலைய வேண்டியுள்ளது.

ஆகவே, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஏதேனும் ஒரு தீவுக்குச் சென்று வரலாம் என்னும் ஆசை எழுவது இயல்பே. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறையும் நம்மை அழைக்கின்றது. ஆனால் நம்மில் பலர், ‘எந்தத் தீவு அழகானது?’ என்று மட்டுமே கேட்கின்றோம். முதலில் கேட்க வேண்டியது, ‘நம்முடன் வருபவர் யார்? அவருக்கு எது ஓய்வு?’ என்பதாகும். நமக்கு எட்டக்கூடிய மூன்று தீவுப் பகுதிகளை இந்தக் கண்ணோட்டத்தில் காண்போம்.

அந்தமான்

நம் வீட்டு வாசலிலிருந்தே புறப்படும் பயணம் இது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் சுமார் மூன்று நாட்கள், விமானத்தில் இரண்டரை மணி நேரத்திற்குள். போர்ட் பிளேயர் என்று நாம் அறிந்த தலைநகருக்கு 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அங்கே தமிழ் பேசுவோர் நிறைய உண்டு.

வரலாற்றில் நாட்டமுடைய இளைஞர்கள் உள்ள குடும்பத்திற்கு இதுவே ஏற்றது. 1857 எழுச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மார்க்க அறிஞர் மௌலானா ஃபழ்லே ஹக் கைராபாதி 1861 இல் இம்மண்ணிலேயே மறைந்தார். 1921 மலபார்க் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட மாப்பிள்ளைமார் பலர் இங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய சந்ததியார் வாழும் சிற்றூர்கள் மஞ்சேரி, திரூர், வண்டூர் எனத் தாய்மண்ணின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைக் கண்ட பிள்ளை, பாடநூலின் பல பக்கங்களை மறவான்.

எனினும், கப்பலின் ஆட்டம் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒத்துக்கொள்ளாது. கப்பல் நாள்தோறும் செல்வதுமில்லை. புறப்படும் நாள் மாறுவதும் உண்டு. பத்து நாள் விடுப்பு மட்டுமே உள்ளவர் போக வரக் கப்பலையே நம்பினால், விடுப்பின் பெரும்பகுதி கடலிலேயே கரைந்துவிடும்.

இலட்சத்தீவு

அரபிக்கடலில் 36 தீவுகள். மக்கள் வாழ்பவை 10. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரே. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 64,473 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். மொழி மலையாளம், மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியை ஒத்த மஹல். ஹலால் உணவு பற்றிய கவலையோ, பள்ளிவாசலைத் தேடும் அலைச்சலோ இல்லை. பவளப்பாறை அரணுக்குள் அடங்கிய நீர், குழந்தைகளுக்கும் அச்சம் தராத அளவுக்கு அமைதியாக இருக்கும் இடங்கள் பல.

அமைதியை நாடும் சிறு குடும்பத்திற்கு இது பொருந்தும். ஆனால் நினைத்தவுடன் செல்ல இயலாது. இந்தியராயினும் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். முதலில் கொச்சி செல்ல வேண்டும். அங்கிருந்து தீவுக்கேற்பக் கப்பலில் 14 முதல் 20 மணி நேரம், அல்லது அகத்திக்கு விமானம். இடங்கள் குறைவு, செலவு மூன்றிலும் மிகுதியாகலாம். பெரிய மருத்துவமனையின் அருகாமை தேவைப்படும் நோயாளியை அழைத்துச் செல்வது உசிதமன்று.

பாம்பன் தீவு

கையிருப்பு குறைவா? வயது முதிர்ந்த உம்மாவும் உடன் வருகிறார்களா? அப்படியானால் இராமேஸ்வரம் அமைந்துள்ள பாம்பன் தீவே போதும். ஓரிரவு இரயில் பயணம். 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாலத்திற்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6 அன்று புதிய இரயில் பாலம் திறக்கப்பட்டுள்ளது. பள்ளிவாசல் தெருவில் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் இல்லம், பேய்க்கரும்பில் அவருடைய நினைவகம், 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடி ஆகியவற்றை இரண்டு நாட்களில் நிதானமாகப் பார்த்துவிடலாம். உடல்நலம் குன்றினால் மறுநாளே வீடு திரும்பலாம் என்பது முதியோருக்குப் பெரும் ஆறுதல்.

புறப்படுமுன்

பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றோ மே மூன்றாம் வாரத்திலேயே அந்தமானைத் தொட்டுவிடும். ஜூன் தொடக்கத்தில் அரபிக்கடலும் கொந்தளிக்கும். ஆகவே விடுமுறையின் முதல் நாட்களே உகந்தவை. கப்பல் திசை மாறிக்கொண்டே செல்லுமாதலால் கிப்லாவை அறியத் திசைகாட்டி ஒன்று உடனிருக்கட்டும். இறைச்சி பற்றி ஐயம் எழும் இடங்களில் மீனும் காய்கறியும் போதும்.

கடன் வாங்கிச் செல்லும் பயணம், திரும்பிய மாதமே நிம்மதியைப் பறித்துவிடும். இலட்சத்தீவுக்குப் பணம் போதாதவர் பாம்பனுக்குச் செல்வதில் குறைவொன்றுமில்லை.

இறுதியாக ஒன்று. ஆலையிலும் துறைமுகத்திலும் உழைப்பவருக்கு நிர்வாகம் விடுப்பு தருகிறது. மூன்று ஷிப்டுக்கும் சோறு கட்டித் தரும் பெண்மணிக்கு விடுப்பு தருபவர் யார்? வாடகை அறையிலும் அவரையே அடுப்பு மூட்டச் சொன்னால், அவருக்கு அது விடுமுறையன்று. வேறோர் ஊரில் அதே வேலை. எனவே இல்லத்தார் அனைவரும் அமர்ந்து மஷூரா செய்யுங்கள். அதில் முதல் கருத்து அவருடையதாக இருக்கட்டும். அவர் மனம் இளைப்பாறும் தீவு எதுவோ, உங்கள் குடும்பத்திற்கு ஏற்ற தீவும் அதுவே.