மஞ்சள் பையில் ஒரு சான்றிதழ்

திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படும் அறையில், நாம் பார்த்துப் பழகிய உயர்ந்த மேடையும் சாட்சிக் கூண்டும் இருக்கலாகாது என்பது விதி. மேஜைக்கு அப்பால் மாஜிஸ்திரேட் ஒருவரும், பெண்ணொருவரை உள்ளிட்ட சமூகப் பணியாளர் இருவரும் அமர்ந்திருக்க, அழைத்து வந்த காவலர் சீருடையின்றி ஓரமாக நிற்க, பையனுடைய தாய் மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த பள்ளிச் சான்றிதழை எடுத்து நீட்டுகிறாள். பதினெட்டு வயது நிரம்பவில்லை என்று மெய்ப்பிக்க முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதமே. அது இல்லையெனில் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

இந்தக் கருணை நேற்று முளைத்ததன்று. செங்கற்பட்டில் 1887-லேயே சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. 1920-ல், பாரத தேசத்திலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்ற, வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. முதிர்ந்த கைதிகளோடு அடைபட்ட சிறுவன், தண்டனை முடிந்து வெளிவரும்போது அவர்களுடைய வித்தையையும் கற்றுக்கொண்டே வருகிறான் என்ற அனுபவம் அச்சட்டங்களுக்குப் பின்னால் இருந்தது. இன்றைய சட்டமும் அந்த வழியில்தான் நடக்கிறது: சிறுவனை லாக்கப்பில் வைக்கலாகாது, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும், சிறப்பு இல்லத்தில் வைப்பதாயினும் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது.

2012 டிசம்பரில் டில்லியில் இளம்பெண் ஒருத்தி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்தாள்; அந்தக் கொடுமையில் ஈடுபட்டவர்களுள் ஒருவன் பதினெட்டு நிரம்பாதவன். அவனுக்கு மூன்றாண்டுகளே விதிக்கப்பட்டன என்றறிந்து தேசம் கொதித்தது. கொதித்தவர்களை நான் குறைகூறேன். மகளைப் பறிகொடுத்த வீட்டின் முன் சட்ட நுணுக்கம் பேச எவருக்கும் நா எழாது. ஆயினும் அந்த ஆவேசத்தினூடே பிறந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம், பதினாறு வயது நிரம்பிய பையன் கொடுங்குற்றம் புரிந்ததாகச் சொல்லப்படும்போது, அதன் விளைவை உணரும் மனோசக்தி அவனுக்கு இருந்ததா என்று குழுமம் மதிப்பிட்டு, பெரியவனாகப் பாவித்து விசாரிக்க அனுப்பலாம் என்று இடங்கொடுத்துவிட்டது. குற்றம் நிகழ்ந்த அந்தக் கணத்தில் ஒரு பையனுடைய மனம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதை, வாரங்கள் கழிந்தபின், அஞ்சி நடுங்கும் அவனோடு பேசிப்பார்த்து அளந்துவிட முடியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

அதைவிட என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளில், விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும், அதே செங்கற்பட்டின் கூர்நோக்கு இல்லத்தில், திருட்டுக் குற்றச்சாட்டில் கொண்டுவரப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்; அவனைக் காக்கவேண்டிய பணியாளர்களே அடித்துக் கொன்றதாகக் கைது செய்யப்பட்டார்கள். தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை நியமித்து இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராயச் செய்தது. சட்டப் புத்தகத்தில் எவ்வளவு தயை எழுதியிருந்தாலும், இரவு எட்டு மணிக்கு இல்லத்தின் கதவைத் திறந்து பையனை உள்ளே அழைப்பவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் அவனுக்குச் சட்டம். தண்டனையைக் கூட்டுவதா குறைப்பதா என்று வாதாடும் நேரத்தில் ஒரு பங்கையேனும், அந்தக் கதவருகில் நிற்பவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, என்ன சம்பளம் என்று கேட்பதில் நாம் செலவிட்டிருக்கவேண்டும்.

அப்படி நாம் கேட்டறியவேண்டிய இன்னொருவர் நன்னடத்தை அலுவலர். பையனுடைய வீட்டு வருமானம், சகவாசம், பழக்கவழக்கம், தாய் தந்தையர் அவனை நடத்தும் விதம் ஆகியவற்றை விசாரித்து, பதினைந்து நாட்களுக்குள் குழுமத்துக்கு அவர் அறிக்கை தரவேண்டும். குழுமம் அவனை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று தீர்மானிக்கப் பெரிதும் நம்பியிருப்பது அந்தச் சில பக்கங்களையே. நாற்காலியைவிட்டு எழாமல் நிரப்பப்பட்ட அறிக்கை எந்தப் பையனுக்கும் பொருந்தும்படி இருக்கும். தாய் மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டிய சான்றிதழில் அவன் பள்ளியை விட்ட தேதி இருக்கிறது. ஏன் விட்டான் என்பதை அவனுடைய தெருவுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.