ஊசி போடாத படிப்பு

பி.எஸ்சி. முடித்த பெண் ஒருத்தி, "பப்ளிக் ஹெல்த்ல மேல படிக்கப் போறேன்" என்று சொன்னால், நம் நெசவு ஊரான சேவூரில் அடுத்து என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். "அப்ப நீ டாக்டராம்மா? நர்ஸா? இல்ல, கொசு மருந்து அடிக்கிற வேலையா?" மூன்றும் இல்லை என்றால், கேட்டவர் முகத்தில் கொஞ்சம் பரிதாபம் எட்டிப் பார்க்கும். டீ ஆறுவதற்குள் அது என்ன படிப்பு என்று பார்த்துவிடுவோம்.

பொதுச் சுகாதாரம் என்றதும் நம்மில் பலருக்கு அரசு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். குழப்பம் தொடங்குவதே அங்கேதான். ஆஸ்பத்திரி, நோய் வந்தவர் போகிற இடம். இந்தப் படிப்பில் நோயாளி ஓர் ஆள் இல்லை, ஓர் ஊர். பொதுச் சுகாதார முதுகலைப் பட்டமான எம்.பி.எச். முடித்தவர், ஏற்கெனவே மருத்துவம் படித்திருந்தால் ஒழிய, மருந்துச் சீட்டு எழுத முடியாது. அது அவர் வேலையும் இல்லை.

தறியில் ஓர் இழை அறுந்தால் உட்கார்ந்தபடியே முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிறோம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால்? எழுந்து போய், அச்சில் பல் தேய்ந்திருக்கிறதா, பாவில் கோளாறா என்று பார்க்கிறோம். முடிச்சுப் போடுவது மருத்துவர் வேலை. எழுந்து போய்ப் பார்ப்பதைத்தான் இந்த மாணவி இரண்டு வருடம் படிக்கிறாள்.

எப்படிப் பார்க்கிறாள்? நம் ஊர் இடுப்புவலியையே எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பு சும்மா இருக்காது. ஒரு மாதத்தில் நாற்பது நெசவாளர்கள் ஆரணி ஆஸ்பத்திரிக்கு இடுப்புவலியோடு வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது அதிகமா, குறைவா? "எத்தனை பேரில் நாற்பது?" என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இருநூறு பேரில் நாற்பது என்றால் அவசரம். நாலாயிரம் பேரில் என்றால் கதை வேறு. பள்ளிக்கூடப் பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஆஸ்பத்திரிக் கணக்கில் தொகுதிதான் கிடைக்கும். பகுதி தெருவில் இருக்கிறது. அதனால்தான் அவள் வீடு வீடாகப் போகிறாள்.

வீடு வீடாகப் போனாலும் ஒரு வழுக்கல் உண்டு. தறியில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்டால், "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்பார்கள். தாங்க முடியாதவர் தறியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் கணக்கில் வரவே மாட்டார். எஞ்சி நிற்பவர்களைப் பார்த்து, வேலை உடம்பைக் கெடுக்கவில்லை என்று முடிவுகட்டுவது தவறு. இதற்கு 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்று பெயர். உலகமெங்கும் தொழில்நோய் ஆய்வுகளில் இதற்குத் தனியாகக் கவனம் வைப்பார்கள்.

தெருவில் இறங்கி எண்ணினால் என்ன தெரியவரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2020இல் மாநிலம் முழுக்க ஓர் ஆய்வு நடந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது, சர்க்கரையில் 10.8 சதவீதம். ஆஸ்பத்திரி வரிசையைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வராதவர் வரிசையில் நிற்பதில்லையே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கி, மாத்திரையே வீட்டுக்கு வந்தது. பிறகு 2023-24இல் எண்ணியபோது ரத்த அழுத்தக் கட்டுப்பாடு சுமார் 17 சதவீதம். "திட்டம் ஜெயித்தது" என்று நாம் சொல்லிவிடுவோம். மாணவி கொஞ்சம் தயங்குவாள்: 2020 கொரோனா வருடம், இடையில் வேறு என்னென்ன மாறின? அந்தத் தயக்கமும் பாடத்தில் சேர்த்திதான்.

இப்படி எண்ணிப் பார்ப்பதற்கான கருவிகளில் முக்கியமானது எபிடெமியாலஜி: நோய் யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் வருகிறது என்று தேடும் துறை. அதோடு புள்ளியியல், பிறகு கணக்கெடுப்புக்குக் கேள்விகள் எழுதும் கலை. "தசை, எலும்பு சார்ந்த பாதிப்பு உள்ளதா?" என்றால் தறிக்காரர் விழிப்பார். "போன மாசம் இடுப்பு வலின்னு தறியை நிறுத்தின நாள் உண்டாண்ணா?" என்றால் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். எங்கே படிக்கலாம்? சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2008 முதல் எம்.பி.எச். நடத்துகிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் எம்.எஸ்சி. உண்டு. எந்தப் பட்டம் இருந்தால் சேரலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

வேலை? நோய்க் கண்காணிப்புப் பிரிவுகள், தேசிய சுகாதார இயக்கம், ஆராய்ச்சி நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று இடம் இருக்கிறது. ஆனால் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான். மாவட்ட சுகாதார அலுவலர் நாற்காலி எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கானது. இதைச் சேரும் முன்பே தெரிந்துகொண்டால் பிற்பாடு மனத்தாங்கல் இல்லை. படிக்கும்போதே ஒரு கணக்கெடுப்பை முதலிலிருந்து கடைசிவரை தானே நடத்தி, அறிக்கை எழுதிப் பழகியவருக்கு நேர்முகத் தேர்வில் பேச விஷயம் இருக்கும்.

நெசவு வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வசதி கூடுதல். காலையில் தெருவில் பாவு நீட்டும்போது போய்க் கேள்வி கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டார்கள் என்பதும் தெரியும். அந்த வீட்டுக் கதவையும் தட்டினால்தான் கணக்கு சரியாக வரும்.