யாழ் நூலும் நம் வீட்டுப் பாட்டும்

பாடுவது வேறு, பாட்டின் வரலாற்றை ஆராய்வது வேறு.

1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானவர் காரைதீவு மயில்வாகனனார். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பின்னர் துறவு பூண்டு விபுலாநந்தரானார். சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளைக் கணிதங் கொண்டு ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழை விளக்கினார். 1947 ஜூனில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார்.

நம் பாட்டுகளையும் இப்படி ஆராய வேண்டாமா? முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தவரே. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊரோடு தாலாட்டுகளும் சிதறின. உம்மம்மா இருக்கும்போதே அவர் பாட்டை ஒலிப்பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்த ஊர் என்றும் எழுதி வையுங்கள்.

மானிப்பாய்க்கு அருகே மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இசையில் பட்டம் வழங்குகிறது. நாளை உங்கள் பிள்ளையே இதை ஆராயலாம், இன்ஷா அல்லாஹ்!