இளவேனிலும் புதுக் காலணியும்

சித்திரை பிறந்துவிட்டால் வேம்பு பூத்துக் குலுங்குகிறது. மாமரம் காய்த்துத் தொங்குகிறது. தவக்காலம் நிறைவுற்று, ஆண்டவரின் உயிர்ப்புப் பெருவிழாவை நாம் கொண்டாடுவதும் பெரும்பாலும் இந்நாட்களை ஒட்டித்தான். ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீடு நிறைய இருக்கும் காலம் இது. பள்ளி திறக்குமுன் வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் புதுக் காலணியும் இடம்பெறுகிறது. கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் வேலை என்றே நாம் அதனை எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒரு சோடிக் காலணிக்குள் உடலியல், கணக்கு, தொழில், மறைக்கல்வி ஆகிய நான்கு பாடங்கள் அடங்கியுள்ளன. விடுமுறையில் வீட்டிலிருந்தே அவற்றை நாம் கற்கலாம்.

முதலில் பாதத்தைப் பார்ப்போம். வளர்ந்த மனிதரின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் பாதத்திலோ பெரும்பகுதி மென்மையான குருத்தெலும்பே. அது சிறிது சிறிதாக எலும்பாக மாறி, பதின்பருவத்தில்தான் முழுமை பெறுகிறது. ஆகவே இளம் பாதத்தை இறுக்கமான காலணிக்குள் திணித்தால் விரல்கள் நெருக்குண்டு வளைகின்றன, நகம் சதைக்குள் புதைகிறது, காய்ப்பு விழுகிறது. சிறு குழந்தைகள் பல வேளைகளில் இதைச் சொல்வதும் இல்லை. செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று நம் முன்னோர் கேட்டது இதற்கும் பொருந்தும் அன்றோ!

அப்படியானால் வெறுங்காலே நல்லதா? தூய்மையான வீட்டுத் தரையில் வெறுங்காலுடன் நடப்பது பாதத் தசைகளுக்கு வலுவூட்டும். ஆனால் மலங்கழித்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வாழ்கின்றன. அவை வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, பின் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இதனால் வரும் சோகை பெண்பிள்ளைகளைப் பெரிதும் வாட்டும். காலணியும் கழிப்பறையும் சேர்ந்தே இந்நோயைத் தடுக்கின்றன. எனவே வெளியில் செல்லும் பிள்ளைக்குக் காலணி அலங்காரமன்று, பாதுகாப்பு.

இனி அளவெடுக்கும் முறை. மாலை வேளையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போதே அளவெடுக்க வேண்டும். ஒரு தாளைத் தரையில் விரித்து, பிள்ளையை அதன்மேல் நேராக நிற்கச் செய்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் வரை அளக்க வேண்டும். இரு பாதங்களும் சிறிது வேறுபடக்கூடும். பெரியதன் அளவையே கொள்ள வேண்டும். காலணி அணிந்து நிற்கையில் விரல் நுனிக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலத்திற்கு இடம் இருந்தால் போதும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு எண் பெரிதாக வாங்கினால், கால் வழுக்கும். விரல்கள் காலணியைப் பற்றிக்கொள்ள முயன்று மடங்கும்.

கடைக்காரர் சொல்லும் எண் எங்கிருந்து வந்தது? ஆங்கில முறையில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளமே அடிப்படை. மூன்று மணிகள் ஓர் அங்குலம். குழந்தைகளின் அளவு 4 அங்குலத்தில் சுழியமாகத் தொடங்கி, எண்ணுக்கு மூன்றிலொரு பங்கு அங்குலமாக ஏறுகிறது. ஆகவே 9ஆம் எண் என்றால் 7 அங்குலம். 13 வரை சென்றபின் மீண்டும் 1 என்று தொடங்குகிறது. அந்த 1இன் நீளம் என்ன என்று ஆறாம் வகுப்புத் தங்கைகள் பின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். (விடை: எட்டே மூன்றிலிரு பங்கு அங்குலம்.) இது காலணி செய்யும் அச்சுக் கட்டையின் நீளமாதலால், பாதம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். பெட்டியில் காணும் 36, 37 போன்ற எண்கள் ஐரோப்பிய முறை. அதில் ஓர் எண்ணுக்கு மூன்றிலிரு பங்கு சென்டிமீட்டர்.

காலணித் தொழிலில் நம் மாநிலத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் தொடங்கப்பெற்றது. சாலையோரத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையே முற்காலத்தில் தோல் பதனிட இங்கு பெரிதும் உதவியது. பின்னர் குரோமிய உப்புகள் வந்தன. தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் பகுதியின் நிலத்தையும் நீரையும் கெடுத்ததால், உச்ச நீதிமன்றம் 1996இல் கடுமையான தீர்ப்பு வழங்கியது. ஆகவே இருக்கும் காலணியைத் தைத்து, மெருகிட்டு, நெடுநாள் பயன்படுத்துவது வீட்டுக்குச் சிக்கனம், நாட்டுக்கும் நன்மை. அக்காளின் காலணி தங்கைக்கு ஆகுமா? அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேயாமலும், உட்புறம் குழிவிழாமலும் இருந்து, அளவும் பொருந்தினால் தாராளமாக ஆகும்.

மாண்டிசோரி அம்மையாரை இங்கு நினைவுகூர்வோம். 1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய இந்தக் கத்தோலிக்கப் பெண்மணி, 1939இல் சென்னைக்கு வந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். பொத்தான் மாட்டுவதும், கயிறு கோத்து முடிச்சிடுவதும், காலணி துடைப்பதும் அவரது முறையில் பாடங்களே. கைகள் ஒழுங்காகச் செயற்படும்போது கவனமும் தன்னம்பிக்கையும் வளர்கின்றன. ஆதலால் தாய்மார்களே, அவசரத்தில் நீங்களே முடிச்சிட்டுவிடாமல், விடுமுறையில் பொறுமையாய்ப் பிள்ளை தானே முடிச்சிடக் கற்றுக்கொடுங்கள். பள்ளி திறந்தபின் காலை வேளையில் உங்கள் சுமையும் குறையும்.

இறுதியாக மறைக்கல்வி. பெரிய வியாழனன்று ஆண்டவர் தம் சீடரின் பாதங்களைக் கழுவியதை நாம் நினைவுகூர்கிறோம். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது, தந்தை அவன் காலுக்கு மிதியடி அணிவிக்கச் சொன்னார். நீ வேலையாள் அல்லன், என் பிள்ளை என்பதற்கு அது அடையாளம். அப்படியிருக்க, பள்ளி திறக்கும் நாளில் தேய்ந்த காலணியோடு வரும் தோழியின் காலைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? நமக்குச் சிறிதாகிவிட்ட நல்ல காலணியைத் துடைத்து மெருகிட்டு, அவள் மனம் நோகாதபடி ஆசிரியை அல்லது அருட்சகோதரி வழியாகச் சேர்ப்பிக்கலாம்.

இந்த இளவேனிலில் நம் பாதங்களை அளப்போம். பிறர் பாதங்களையும் எண்ணிப் பார்ப்போம். நன்மை செய்ய விரையும் பாதங்களாக அவை வளர இறைவன் அருள்வாராக!