பயிற்சியை விட்டவர் மீண்டும் தொடங்குவது எப்படி?

உடல் உழைப்புக்கென அமைந்தது. உழைப்புக் குன்றினால் அதன் ஆற்றலும் குன்றும். இளமையில் பந்தாடியும் ஓடியும் திரிந்தவர் பலர், குடும்பப் பொறுப்பும் அலுவலகப் பணியும் ஏற்றபின் பயிற்சியை அறவே விட்டுவிடுகின்றனர். சில ஆண்டுகளில் இடுப்புப் பருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்போது "வயதாகிவிட்டது, இனி என்ன பயன்?" என்று சோர்ந்துவிடுவோர் ஒருவகை. பழைய நினைப்பில் முதல்நாளே முழுவேகத்தில் ஓடத் தொடங்குவோர் மற்றொரு வகை. இவ்விரண்டும் பிழையே என்பதை ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

டல்லஸ் ஆராய்ச்சி

1966-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டல்லஸ் நகரில், பெங்ட் சால்ட்டின், ஜியர் மிட்செல் முதலிய அறிஞர்கள் இருபது வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். கடும் உழைப்பின்போது உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றல், அந்த மூன்று வாரத்தில் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. பின்னர் அளித்த பயிற்சியால் இழந்தது திரும்ப வந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தனர். அவர்களுக்கு வயது ஐம்பதாகிவிட்டது. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடற்கொழுப்பும் இரு மடங்காகியிருந்தது. ஆயினும், முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட, இளமையில் மூன்று வாரம் படுத்திருந்தது செய்த கேடே பெரிதாக இருந்தது! நாம் முதுமையின்மேல் சுமத்தும் பழியில் பெரும்பகுதி சோம்பலுக்கே உரியது என்பது இதனால் விளங்கும்.

நடை, மெல்லோட்டம், மிதிவண்டி ஆகிய பயிற்சிகளை அவர்கள் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றனர். ஆறு மாத முடிவில், இருபது வயதில் படுக்கைக்குச் செல்லுமுன் இருந்த ஆற்றலை மீண்டும் பெற்றனர். ஆனால் எடையோ ஏறத்தாழ நான்கரைக் கிலோ மட்டுமே குறைந்தது. தராசு முள் அசையவில்லையே என்று பயிற்சியைக் கைவிடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். எடை குறையுமுன்பே இருதயம் நலம் பெறத் தொடங்கிவிடுகிறது.

ஏன் பதறக்கூடாது?

உடலுறுப்புகள் அனைத்தும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. இருதயமும் தசைகளும் சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்புடன் பிணைக்கும் நாண்களுக்கோ அதைவிட அதிகக் காலம் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓட்டத்தைக் கூட்டுவோருக்குக் குதிகாலும் முழங்காலும் வலிப்பது இதனாலேதான். கூடிய எடையின் சுமையும் அம்மூட்டுகளையே சேர்கிறது. அன்றியும், உழைத்துப் பழகாதவர் திடீரெனக் கடுமையாக உழைக்கும் வேளையில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு மிகும். படிப்படியாகப் பழகியவருக்கு இவ்வபாயம் பெரிதும் குறைகிறது.

தொடங்கும் முறை

முதல் இரு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் நடந்தால் போதும். பின்னர் வாரந்தோறும் சில நிமிடம் கூட்டலாம். நடக்கையில் பேச இயலவேண்டும், பாட இயலக்கூடாது. அதுவே நடுத்தர வேகத்தின் அடையாளம். முதலில் நேரத்தைக் கூட்டுக. வேகத்தைப் பிறகு கூட்டுக. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பும், இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதும் வலுப் பயிற்சிக்கு நல்ல தொடக்கமாகும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராததால் உடற்சூடும் எளிதில் தணிவதில்லை. ஆகவே காலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ நடப்பது நன்று. தண்ணீர் அருந்தவும் மறக்கக்கூடாது.

இருதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையவர்கள் டாக்டரைக் கலந்தே தொடங்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு உழைப்பினால் இரத்தச் சர்க்கரை அளவுக்குமீறித் தாழக்கூடும். நடக்கும்போது மார்பில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுக. கடும் பயிற்சிக்குப்பின் தசைவலியோடு சிறுநீர் கருநிறமாக இறங்கினாலும் காலந்தாழ்த்தலாகாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

மெல்லத் தொடங்குவது இழிவன்று. டல்லஸ் நகரின் ஐவரும், முப்பது ஆண்டில் இழந்ததை ஆறு மாதப் பொறுமையினால் மீட்டனர். இன்று மாலை பத்து நிமிடம் நடப்பவர் அவ்வழியில் கால் வைத்தவராவார்.